மருந்தையன் வீட்டு முருங்கை

மருதையனுக்கு அவருடைய அப்பா வைத்த பெயரில் ஒரு குறையும் இல்லை. நடுவில் ஒரு 'ந்' சேர்த்துவிட்டது ஊர்தான். பூச்சிமருந்து அடிக்கிற டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு அவர் பண்ணை வயலில் இறங்கிய முதல் நாளே, களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் "மருந்தையன் வர்றாரு, மூக்கைப் பொத்திக்குங்கடி" என்று சிரித்தார்கள். சிரிப்பு அன்றோடு முடிந்துவிட்டது. பெயர் அவர் சாகும்வரை முடியவில்லை.

ஊர் செம்பியங்கட்டளை. திருவாரூரிலிருந்து கூத்தாநல்லூர் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு ஒரு மைல் நடந்தால் வரும். ஊர் நிலத்தில் முக்கால்வாசி ஒரே பண்ணைக்குச் சொந்தம். தெற்குத் தெருவின் நாற்பது குடிசைகளும் அந்தப் பண்ணையின் மனையில்தான் நின்றன. கூரை உன்னுடையது, சுவர் உன்னுடையது, அது நிற்கிற மண் மட்டும் எங்களுடையது என்பது அந்தக் காலத்து நியாயம். பண்ணைக்குப் பிடிக்காத வேலை செய்தால் கூரையையும் சுவரையும் தலையில் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை இருபத்தேழு என்ற புது நெல் வந்தது. குட்டைப் பயிர், குறைந்த நாள், கொட்டுகிற மகசூல். அதோடு கூடவே யூரியாவும் வந்தது, பூச்சியும் வந்தது, பூச்சிக்கு மருந்தும் வந்தது. மருந்து டின்னைத் தொட எல்லோரும் பயந்தார்கள். மருதையன் ஐந்தாவது வரை படித்தவர். டப்பாவின் மேல் போட்டிருந்த எண்களை அவரால் படிக்க முடிந்தது. விவசாய ஆபீசிலிருந்து வந்த கிராமசேவக் மூன்று நாள் கூட நின்று சொல்லிக்கொடுத்தார். நான்காவது நாள் மருதையன் தனியாகவே அடித்தார்.

அந்த வேலைக்காகப் பண்ணையில் அவருக்கு ஒரு காக்கி அரைக்கைச் சட்டை கொடுத்தார்கள். தெற்குத் தெருக்காரர் சட்டையோடு பண்ணைக் களத்தில் நிற்பது அதற்கு முன் யாரும் பார்த்திராத காட்சி. தோளில் கிடக்கிற துண்டே இடுப்புக்கு இறங்கவேண்டிய இடம் அது. பண்ணையின் வரவு செலவு, ஆள் அம்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட காரியக்காரர் ரெங்கசாமி, "மருதையா, உனக்கு மட்டும்தான்டா இது" என்று சொல்லித் தன் கையாலேயே கொடுத்தார். ஒரு சட்டைக்காக ஒரு மனிதன் எவ்வளவு வளைந்துகொடுப்பான் என்று கேட்டால், நிறையவே வளைந்துகொடுப்பான் என்றுதான் நான் சொல்வேன். அந்தச் சட்டை இல்லாமல் முப்பது வருடம் வெயிலில் நின்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வேலையில் கெட்டிக்காரர். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். "இலை வெளுத்தா சத்துக் கொறச்சல். நடுக்குருத்து காஞ்சா பூச்சி. சத்துக்கு உரம் போடு, பூச்சிக்கு மருந்து அடி. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத" என்பார். துத்தநாக உப்பு என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. ஏக்கருக்குப் பத்துக் கிலோ வீசினால் வெளிறிக் கிடந்த பயிர் பத்தே நாளில் பச்சை கட்டிக்கொள்ளும். அந்த அதிசயத்தை அவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். இத்தனூண்டு உப்பு இல்லாமல் இத்தனை பெரிய பயிர் படுத்துவிடுகிறதே என்று வியந்தார். பயிரைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதர் அவர்.

எழுபதாம் வருடம் ஆடி மாதம், குறுவைக்குக் கடுமையான மருந்து ஒன்றை அடித்தார். மறுநாள் காலையில் வடிகால் வாய்க்காலில் கெண்டையும் கெளுத்தியும் வயிறு வெளுக்க மிதந்தன. நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து வரப்பிலேயே செத்துக் கிடந்தன. மத்தியானம் அவர் வீட்டு ஆடு, மனைவி அம்சவல்லியின் சீமந்தத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த ஆடு, வரப்புப் புல்லைக் கடித்துவிட்டு வந்து வாசலில் கால்களை உதைத்துக்கொண்டு நுரை தள்ளிச் செத்தது. மூன்று வயதுக்கு இன்னும் சில மாதம் இருந்த மகள் தங்கம்மாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அது தூங்குகிறது என்று நினைத்துக் காதைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மருதையன் ஓடிவந்து பிள்ளையை இழுத்துப்போட்டார்.

அன்று சாயங்காலமே வீட்டில் ஒரு சட்டம் போட்டார்.

"இனிமே வயக்காட்டுலேருந்து ஒரு எலை இந்த வீட்டுக்குள்ள வரப்படாது. கீரை வேணாம், நண்டு வேணாம், நத்தை வேணாம். நான் என்னத்தைத் தெளிக்கிறேன்னு எனக்குத்தான் தெரியும்."

அம்சவல்லி திகைத்துப்போனாள். களை பறிக்கப் போகிறவள் வெறும் மடியோடு வீடு திரும்பியதே கிடையாது. வரப்போரத்தில் பொன்னாங்கண்ணி, தண்ணீரில் ஆரைக்கீரை, வாய்க்காலில் குஞ்சு மீன், மழை பெய்தால் நத்தை என்று வயலே அவர்களுக்குக் காய்கறிக் கடை. நெல் மட்டும்தான் பண்ணையுடையது. மற்றதெல்லாம் தெற்குத் தெருவுடையது என்று கேட்பாரில்லாமல் இருந்தது.

"அப்ப கொழம்புக்கு எதைப் போடுறதுங்க?"

"புளியை ஊத்து. ரசம் வையி. ரெண்டு மொளகாயைக் கிள்ளிப்போடு. உசுரு இருந்தாப் போதும்."

அவர் சொன்னது பொய்யில்லை. வயலில் விஷம் இருந்தது உண்மை. ஆடு செத்தது உண்மை. பிள்ளைமேல் வைத்த ஆசையில் சொன்னதும் உண்மை. அடைத்த வழிக்குப் பதிலாக வேறு எந்த வழியைத் திறப்பது என்றுதான் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. குடிசைக் கூரையில் ஒரு சுரைக்கொடி கிடந்தது. சுரைக்காயில் இருப்பதெல்லாம் தண்ணீர்.

அவர் முயலவே இல்லை என்றும் சொல்லக்கூடாது. ஆவணியில் அம்சவல்லியின் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு முருங்கைப் போத்து வெட்டிக்கொண்டுவந்து வாசல் ஓரத்தில் நட்டார். உச்சியில் சாணி உருண்டை வைத்து, தினமும் குடத்துத் தண்ணீரில் பாதியை அதற்கே ஊற்றினார். புரட்டாசியில் நாலைந்து இடத்தில் துளிர் வந்தது. தங்கம்மாள் தினமும் காலையில் எழுந்ததும் அந்தத் துளிரை எண்ணுவாள். அவளுக்கு மூன்றுவரைதான் எண்ணத் தெரியும்.

ரெங்கசாமி ஒரு நாள் அந்த வழியாக வந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முருங்கையைப் பார்த்தார்.

"என்னடா மருதையா, மரமெல்லாம் வைக்கிற."

"புள்ளைக்குக் கீரைக்குங்க."

"கீரைக்குன்னு நீ சொல்லுவ. நாளைக்கி ஒருத்தன் கோர்ட்டுல வந்து, மரம் வச்சி அனுபவிச்ச மனைன்னு சொல்லுவான். குடியிருக்கிறவனுக்கே மனைன்னு மெட்ராஸ்ல பேசிக்கிட்டிருக்காங்க, தெரியும்ல. கொடி போட்டுக்க, செடி வச்சிக்க. மரம் வேணாம்."

சொல்லிக்கொண்டே அவர் போத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கினார். இளசான வேர்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. வாய்க்காலில் எறிந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

தெருவில் அப்போது சங்கம் இருந்தது. செங்கொடிச் சங்கம். கூலி நெல்லுக்காகவும் மனைக்காகவும் கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மருதையன் போய், முருங்கையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே பத்துப் பேர் வந்து பத்துப் போத்து நட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. கீழத் தஞ்சையில் குடிசையோடு வைத்து மனிதர்களை எரித்த செய்தி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதனால் பயம் என்று பின்னாளில் அவரே சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே அதைத் திருத்தியும் சொன்னார். பயம் பாதி, சட்டை பாதி.

மார்கழியில் அம்சவல்லி முதலில் கவனித்தாள்.

"ஏங்க, பொழுது சாஞ்சா புள்ள உக்காந்த எடத்தை விட்டு நகர மாட்டேங்குது. சோத்துத் தட்டைக் கையால தடவுது."

மருதையன் சோதித்துப் பார்த்தார். வெளிச்சம் மங்கியதும் வாசலில் நின்று, "தங்கம், இங்க வா" என்று கூப்பிட்டார். குழந்தை குரல் வந்த பக்கம் சிரித்துக்கொண்டே வந்து, நடுவில் கிடந்த உரலில் மோதி விழுந்தது. பகலில் அதே உரலைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாலைக்கண். தெருவில் அதற்குப் பெயர் இருந்தது. இன்னும் இரண்டு மூன்று குழந்தைகளுக்கும் இருந்தது. ஆட்டு ஈரல் கொடுத்தால் சரியாகும் என்று வயதான பெண்கள் சொன்னார்கள். ஆனால் மருதையனுக்கு வேறு ஒரு நினைப்பு வந்துவிட்டது. மருந்து அடிக்கிற நாளில் அவர் கண்ணே எரியும், மங்கும், தலை சுற்றும். அந்தச் சட்டையோடுதானே வீட்டுக்கு வருகிறோம், அந்தச் சட்டையோடுதானே பிள்ளையைத் தூக்குகிறோம் என்று யோசித்தார். என் மருந்துதான் என் பிள்ளையின் கண்ணுக்குள் போயிருக்கிறது என்று முடிவு கட்டினார்.

அன்றிலிருந்து வாய்க்காலில் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. சட்டையை வேலிப் படலில் தொங்கவிட்டார். அதுவும் போதாதென்று பிள்ளையைத் தூக்குவதையே விட்டுவிட்டார். கையைக் கழுவினாலும் வாசனை போகவில்லை என்பார். ஒரு நாளைக்கு இருபது தடவை பிள்ளையைத் தூக்கிச் சுற்றிய மனிதர் அவர்.

தை மாதம் ஷம்சாத் வந்தார். கூத்தாநல்லூர்க்காரர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சு. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒல்லியான பெண். அரசாங்கத்தில் புதிதாக ஒரு திட்டம் வந்திருப்பதாகவும், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்குக் கண் பார்வைக்காக ஒரு கரண்டி கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார். பையில் ஒரு பழுப்புக் குப்பி இருந்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று.

தெருவே மருதையன் முகத்தைப் பார்த்தது. குப்பியில் அடைத்து வருகிற எதுவாக இருந்தாலும் அவரைக் கேட்காமல் தெருவில் யாரும் தொடுவதில்லை. உண்மையைச் சொன்னால் அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஷம்சாத் தங்கம்மாளின் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளை விழியில், ஓரமாக, சோப்பு நுரை ஒட்டின மாதிரி ஒரு சின்னத் திட்டு இருந்தது.

"அண்ணே, இதை முதல்ல இந்தப் புள்ளைக்குக் குடுத்திடலாம். கண்ணு காய ஆரம்பிச்சிருக்கு."

"இது மருந்துங்களா?"

"ஆமாண்ணே, மருந்துதான்."

மருதையன் குப்பியை வாங்கினார். மூடியைத் திறந்து மோந்தார். கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தார். அவர் தொழிலில் எண்ணெயாக வருகிற மருந்துதான் கடுமையானது. தூளாக வருவது சாது.

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"ஒரு தடவை குடுத்தா ஆறு மாசத்துக்குத் தாங்கும்ணே."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நண்டையும் ஆட்டையும் கொன்ற அந்த மருந்தே மூன்று வாரத்துக்கு மேல் பயிரில் நிற்காது.

"கொஞ்சம் கூடிப்போனா?"

ஷம்சாத் பொய் சொல்லத் தெரியாதவர். "கூடக் கூடாதுண்ணே. கூடுனா வாந்தி வரும், தலைவலி வரும். அதான் அளவு கரண்டி குடுத்திருக்காங்க."

போதும். மருதையனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எண்ணெய் மருந்து, ஒரு கரண்டி, ஆறு மாதம் உடம்பில் நிற்கும், அளவு தப்பினால் ஆபத்து. தொழில் தெரியாத ஒருவரை இவ்வளவு சுத்தமாகத் தப்பான முடிவுக்கு யாராலும் கொண்டுபோயிருக்க முடியாது. அவரை அவருடைய தொழிலறிவே கொண்டுபோனது.

"வேணாங்க. ஏற்கெனவே என் மருந்தாலதான் புள்ளைக்குக் கண்ணு இப்படி இருக்கு. இன்னொரு மருந்தை உள்ள விட மாட்டேன்."

"இல்லண்ணே, அது வேற இது வேற. கீரை காய் இல்லாததால..."

"கீரையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுங்க. நான்தான் அடிக்கிறேன்."

'மருந்தையனே வேணாம்னுட்டாரு' என்ற சொல், ஷம்சாத் அடுத்த குடிசைக்குப் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று தெற்குத் தெருவில் நான்கே குழந்தைகள்தான் வாயைத் திறந்தன. ஷம்சாத் போகும்போது அம்சவல்லியிடம், பத்து நாள் கழித்து மறுபடி வருகிறேன், அண்ணனிடம் பேசி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அவரால் வரமுடியவில்லை. சம்பா அறுவடைக் கூலிக்காகச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. அறுப்பு வயலில் கைகலப்பு ஆகி, பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் போட்டார்கள். மாசி முழுக்க ஊருக்குள் வருகிறவரைக் கேட்டு, போகிறவரைக் கேட்டு அனுப்பினார்கள். பங்குனி பிறந்தபோது ஊர் அடங்கியது. அதற்குள் தெற்குத் தெருவில் மணல்வாரி அம்மை இறங்கிவிட்டது.

தங்கம்மாளுக்கு ஜுரம் கொதித்தது. உடம்பெல்லாம் மணல் தூவின மாதிரி பொரிந்தது. கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். வேப்பிலை சொருகி, தாளிப்பை நிறுத்தி, ஆத்தா இறங்கும்வரை காத்திருந்தார்கள். தண்ணீர் ஊற்றின அன்று காலை அம்சவல்லி ஈரத்துணியால் கண்ணைத் துடைத்து மெல்ல இமையைப் பிரித்தாள். அப்படியே பிள்ளையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இடது கண்ணில் கருவிழி இருந்த இடம் வெந்த சாதத்துப் பருக்கை மாதிரி வெளுத்துக் குழைந்திருந்தது.

மருதையன் படலில் தொங்கிய சட்டையை எடுக்கப் போனார். கை நீட்டியவர் நின்றார். பிறகு வெறும் உடம்போடு வந்து பிள்ளையைத் தூக்கினார். மூன்று மாதம் கழித்து முதல் தடவையாகத் தூக்கினார். அம்சவல்லி பின்னாலேயே வர, அப்படியே மெயின் ரோடுவரை ஓடி, பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் பார்த்தார். "எடது கண்ணு போயிடுச்சுய்யா. வலது கண்ணை இன்னைக்கே பிடிச்சாத்தான் உண்டு" என்றார். நர்சு ஒருத்தி அலமாரியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தாள். பழுப்புக் குப்பி. ஆரஞ்சு எண்ணெய். அதே அளவு கரண்டி.

மருதையன் அந்தக் குப்பியைப் பார்த்தார். மோந்து பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நர்சு தங்கம்மாளின் வாயைத் திறந்து ஊற்றினாள். குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, "இனிக்குது" என்றது. அந்த ஒரு சொல்லை அவர் கடைசிவரை மறக்கவில்லை. நாலு பேர் கூடி உட்கார்ந்து எதைப் பேசினாலும், சம்பந்தமே இல்லாமல் "இனிக்குதுன்னுச்சு" என்று ஒரு தடவை சொல்லிவிடுவார்.

"நாளைக்கு ஒரு கரண்டி, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கரண்டி" என்றார் டாக்டர். "அம்மை வந்தா உடம்புல இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் அது தின்னுடும். ஏற்கெனவே ஒண்ணுமில்லாத புள்ளை. அதான் கண்ணு தாங்கலை. கீரையே குடுக்கிறதில்லையா நீங்க? வயக்காட்டுக்காரங்கதானே."



டாக்டர் பக்கத்தில் நின்ற அம்சவல்லியின் கீழிமையையும் இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "உனக்கு ரத்தமே இல்லையேம்மா. இரும்புச் சத்து சுத்தமா இல்லை" என்று மாத்திரை எழுதினார். "சோறு வயித்தைத்தான் ரொப்பும். கண்ணுக்கு ஒண்ணு, ரத்தத்துக்கு ஒண்ணு, எலும்புக்கு ஒண்ணுன்னு துளித்துளியா வேணும். உடம்புக்குத் தானா அதைச் செஞ்சுக்கத் தெரியாது, நாமதான் குடுக்கணும். எத்தனூண்டு குடுத்தாலும் போதும். குடுக்காம விட்டா இப்படித்தான் படுத்துடும்."

ஏக்கருக்குப் பத்துக் கிலோ. வெளிறின பயிர். பத்தே நாளில் பச்சை. இலை வெளுத்தால் சத்துக் குறைச்சல் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் மருதையனுடையது. வீட்டில் பெண்டாட்டி வெளுத்திருந்தாள், பிள்ளையின் கண் வெளுத்திருந்தது. அவர் பூச்சியையே தேடிக்கொண்டிருந்தார்.

வலது கண் பிழைத்தது. ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்போடு பிழைத்தது.

சித்திரையில் ஷம்சாத் வீடு தேடி வந்தார். தங்கம்மாளைப் பார்த்ததும் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்.

"எம்மேலயும் தப்பு இருக்குண்ணே. நீங்க மருந்தான்னு கேட்டப்ப ஆமான்னுட்டேன். அது மருந்தே இல்லை. வைட்டமின். சத்து. எங்க ஆபீஸ்ல எல்லாத்தையும் மருந்துன்னு சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கம்."



"சத்துன்னு சொல்லியிருந்தா நானே வாயைத் தொறந்து ஊத்தியிருப்பேங்க" என்றார் மருதையன்.

பிறகு, "இல்லைங்க. அப்பவும் மோந்துதான் பாத்திருப்பேன். நாலு பேரு என் மூஞ்சியப் பாத்தாங்கல்ல" என்றார்.

அந்த அம்மையில் தெருவில் இரண்டு குழந்தைகள் செத்துப்போயிருந்தன. கரண்டிக்கு வாயைத் திறக்காத குழந்தைகள். அவை அதனால்தான் செத்தன என்று டாக்டரும் சொல்லவில்லை, ஷம்சாத்தும் சொல்லவில்லை, பெற்றவர்களும் சொல்லவில்லை. மருதையன் மட்டும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். இறக்கி வைக்கச் சொல்லி யாராவது சொல்லியிருக்கலாம். நம் ஆட்களுக்கு அதெல்லாம் வராது.

டின்னையும் சட்டையையும் பண்ணைக் களத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். ரெங்கசாமி கோபப்பட்டார், பிறகு நயமாகப் பேசினார், பிறகு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் மருதையன் சட்டையே போடவில்லை. மழையானாலும் பனியானாலும் துண்டுதான். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று எல்லோரும் கெஞ்சினார்கள். அப்போதும் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் நின்றார்.

அந்த வருடக் கடைசியிலேயே குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. அடுத்த வருடம் தெற்குத் தெருவில் மேசை போட்டு, மைக் வைத்து, மனைப்பட்டா கொடுத்தார்கள். கறுப்பு சிவப்புத் தோரணமும் கட்டியிருந்தது, தெருமுனையில் செங்கொடியும் பறந்தது. யார் வாங்கிக்கொடுத்தது என்று இரண்டு தரப்பும் அன்று முழுக்க வாதாடினார்கள். மருதையன் காகிதத்தை அம்சவல்லியிடம் கொடுத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் வாசலில் நான்கு முருங்கைப் போத்துகள் நின்றன. மறுநாள் ரெங்கசாமி அந்த வழியாக வந்தார், பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் காகிதம் வந்திருந்தால் என்று மருதையன் நினைக்காத நாள் இல்லை. இரண்டு வருடம்தான் வித்தியாசம்.

மரங்கள் கூரைக்கு மேல் எழும்பின. தெருவில் யார் வீட்டில் குழம்பு கொதித்தாலும் ஒரு பிடி இலை மருந்தையன் வீட்டிலிருந்துதான் போகும். ஷம்சாத் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும்போது மருதையன் முன்னால் நடந்து, "சத்து வந்திருக்கு, புள்ளைங்களக் கூட்டியாங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்வார். மருந்து என்ற சொல்லை அவர் வாயால் தெருவில் யாரும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அந்தக் கீரையை அவர் மட்டும் தின்னமாட்டார். தட்டில் போட்டால் ஒதுக்கி வைத்துவிடுவார். அம்சவல்லி கொஞ்ச நாள் திட்டிப்பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

தங்கம்மாள் படித்தாள். பத்தாவது தேறினாள். கல்யாணம் ஆனது. ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. புருஷனோடு அதே தெருவில் இருந்தாள். 'சர்க்காரே எனக்குச் சத்துன்னு பேரு போட்டு வேலை குடுத்திருக்கு' என்று அவளே கேலி செய்வாள்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் அப்பா வீட்டு முருங்கையடியில் உட்கார்ந்து முறத்தில் இலை உருவிக்கொண்டிருந்தாள். மருதையனுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டிருந்தது. மருந்து அடித்தவர்களில் இரண்டு மூன்று பேருக்கு அப்படி வந்திருந்தது. அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு வருடமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டார்.

"தங்கம், எம்மேல உனக்குக் கோவம் இருக்கா?"

"எதுக்குப்பா?"

"கண்ணுக்கு."

அவள் காம்பைத் தூக்கி எறிந்தாள். "அந்தக் கண்ணு எனக்கு இருந்ததே ஞாபகம் இல்லப்பா. இருந்தது தெரிஞ்சாத்தான போச்சேன்னு கோவம் வரும்."

அவர் மூச்சு விட்டார்.

"ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு" என்றாள் தங்கம்மாள், இலையைப் பார்த்துக்கொண்டே. "நீ வேலை முடிஞ்சு வருவ. சத்தம் கேக்கும். நான் தூக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கிட்டு நிப்பேன். நீ சுத்திக்கிட்டு அந்தப் பக்கமா உள்ள போயிடுவ. பொழுது சாஞ்சா எனக்குத்தான் கண்ணு தெரியாதே. நீ போனது தெரியாது. நீ எதிர்த்தாப்புலதான் நிக்கிறன்னு நெனச்சுக்கிட்டு கையை நீட்டிக்கிட்டே நிப்பேன்."



"சட்டையில மருந்து இருந்துச்சு தங்கம்."

"தெரியும்ப்பா. அம்மா சொல்லியிருக்கு. அப்பத் தெரியாதுல்ல."

அவள் முறத்தை ஒரு தட்டு தட்டி, இலையைச் சேர்த்து அள்ளிக்கொண்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். மருதையன் நடுங்குகிற கையால் தன் வெற்று மார்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.